காளைக்குப் போன சத்துமாவு

ராசிங்காபுரம்
12-2-1957

மதுரை மில்லில் வேலை பார்க்கும் மைத்துனர் சிரஞ்சீவி வெள்ளைத்துரைக்கு மச்சான் மலைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், காளையைத் தவிர. உங்கள் சுகத்தைக் கோபம் ஆறியபிறகு விசாரிக்கிறேன். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள், உங்கள் மருமகள் மாயக்காள்தான் எழுதுகிறாள்.

இவள் மதுரையில் ஓட்டப்பந்தயம் ஓடப் போகிறாள், தெம்பு வேண்டும் என்று சத்துமாவு டப்பாவும் மீனெண்ணெய் பாட்டிலும் அனுப்பினீர்கள். ஆம்பளை வாய் வைக்காத பண்டத்தைப் பொம்பளைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் நம் வீட்டில் ஏது? முதலில் நான் பாலில் கலக்கிக் குடித்தேன். மறுநாளே மீசை தானாக முறுக்கிக்கொண்டது. ஓடுகிறவர்களுக்கான மாவு என்றால், நம் வீட்டில் ஓடிப் பேர் வாங்குவது யார்? காளை. பொங்கல் வண்டிப் பந்தயம் வருகிறதே என்று மிச்சத்தை அதற்கு வைக்கும்படி உங்கள் அக்காள் அன்னக்கொடியிடம் சொன்னேன். மீனெண்ணெயை வண்டி அச்சுக்கு விட்டேன். பந்தயத்தன்னைக்குப் பாதி ரோட்டுல காளைக்கு வயிறு போயி அப்படியே படுத்துருச்சு மாப்ளே. அச்ச நக்க ஊர்ப் பூனையெல்லாம் வந்துருச்சு. "என்ன மலைச்சாமி, அடுத்த வருசம் பூனையவே பூட்டிப் பாரேன்"ங்குறான் கோட்டைச்சாமி பய. இந்தக் கழுத என்னடான்னா பழைய கஞ்சியக் குடிச்சிட்டுப் போயி மதுரையில மொதலா வந்து நிக்கிறா. அடுத்து மெட்ராசுல ஓடணுமாம், டீச்சரம்மா வந்து கூப்பிடுது. கஞ்சிக்கே இந்த ஓட்டம் ஓடுறவ மெட்ராசப் பாத்தா வீடு திரும்புவாளா? போடிமெட்டு ஏலத்தோட்டக் கங்காணி பொண்ணு கேட்டிருக்காரு. ரெண்டாந்தாரந்தான். "மூட்டையோட மலையேறக் காலு இருக்கா"ன்னு ஒரே கேள்வி. அது ஒண்ணுதான இவகிட்ட இருக்கு! வெள்ளிக்கிழமை பரிசம் போட வர்றாக. என்னடி நிறுத்துற, எழுது. மூக்க உறிஞ்சாத. ஏய், இதயெல்லாம் எழுதாத.

ஆகையால் இனிமேல் டப்பா அனுப்ப வேண்டாம். பரிசத்துக்கு வெரசா வந்து சேரவும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
மலைச்சாமி

பி.கு.: மாமா, அப்பு சொன்னதை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். இது அவர் சொல்லாதது. டப்பா வந்த அன்றே ஆத்தா மாவைப் பானைக்கு மாற்றிவிட்டு, டப்பாவில் கருப்பட்டி கலந்த பழைய தவிட்டை நிரப்பினாள். அப்புவின் மீசை முறுக்கியது அந்தத் தவிட்டுக்குத்தான். மாவு முழுவதையும் நான்தான் தின்றேன். வியாழக்கிழமை காலை ரயிலில் டீச்சரோடு வருகிறேன். மதுரை ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். ஆத்தாளையும் கூப்பிட்டேன். "நானும் வந்துட்டா காளைக்கு யாருடி தீனி வைக்கிறது" என்று கேட்டாள்.