கவர்நோட்டு அண்ணனும் றெக்கை வைத்த காரும்

மதுரையில் வண்டி இடித்தால் முதலில் போலீஸ் வரும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் காலத்தில் முதலில் வந்தவர் கவர்நோட்டு. சில சமயம் இடிப்பதற்கு முன்பே வந்து நின்றுகொண்டிருப்பார் என்றும் சொல்வார்கள். நான் அதையும் நம்புகிறேன்.

அவருடைய நிஜப் பெயர் சிம்மக்கல்லில் யாருக்கும் தெரியாது. கார், வேன், லாரிக்கு இன்ஷூரன்ஸ் எழுதும் ஏஜென்ட். பணம் கட்டியதும், பாலிசி தபாலில் வந்து சேரும்வரை கையில் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிகச் சீட்டு எழுதித் தருவார்கள். அதற்குக் கவர்நோட் என்று பெயர். அந்தப் புத்தகத்தையும் இரண்டு கார்பன் தாளையும் சட்டைக்குள் பனியனோடு ஒட்டி வைத்திருப்பார். சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் யாராவது ஒருவருடைய லாரி நம்பர் இருக்கும் என்பது டீக்கடை வட்டாரத்தின் நம்பிக்கை.

வலது கையில் தடித்த செம்பு மோதிரம் ஒன்று போட்டிருப்பார். எந்த வண்டி நின்றாலும் அதன்மேல் டொக் டொக்கென்று தட்டுவார். எங்கே அடி வாங்கியது, எங்கே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். எங்கள் தெருவுக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் புதுக் கார் என்று பெருமையாகப் பெண் பார்க்க வந்தார்கள். இவர் வாசலிலேயே காரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு தடவ உருண்ட வண்டிண்ணே" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். சம்பந்தம் நின்றுபோனது. காரில் பொய் சொன்னவர்கள் வேறு எதிலெல்லாம் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்து, பெண் வீட்டார் இவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

எனக்குச் சிம்மக்கல்லில் கோணிச்சாக்குக் கடை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சாக்கு தைக்க உட்கார்ந்தவன். சாக்கு தைப்பதைத் தவிர எனக்குத் தெரிந்த ஒரே வேலை கவலைப்படுவது. கடையைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். இழுத்த இழுப்பில் திறந்துகொண்டிருக்குமோ என்று நாலாவது தடவையும் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு கல்யாணப் பந்தியில் தெரியாத்தனமாகக் கவர்நோட்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் அவருக்கு நான் அண்ணே, எனக்கு அவர் அண்ணே. மதுரையில் அதற்கெல்லாம் யாரும் பிறந்த தேதி பார்ப்பதில்லை.

பரிமாறி முடித்ததும் என் இலையில் விரலை நீட்டினார்.

"அண்ணே, இந்தா இருக்குல்ல அப்பளம், இதான் திண்டுக்கல் பஸ்ஸு. இந்த ரெண்டு வடையும் லோடு லாரி. நடுவுல இந்த ஊறுகா இருக்குல்ல?"

"ஆமாண்ணே."

"அதான் நீங்க."

சொல்லிவிட்டு அப்பளத்தை வடையோடு சேர்த்து நொறுக்கினார். பல வருடங்களுக்கு எனக்கு ஊறுகாய் இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். தெருவே அவரிடம் இன்ஷூரன்ஸ் எழுதியபோது நான் மட்டும் என் வெள்ளைக் குட்டிக் காருக்கு நேரே ஆபீஸுக்குப் போய்க் கவுண்டரில் பணம் கட்டினேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிதில், என் மனைவியின் தம்பிக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அவனிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. ஸ்போர்ட்ஸ் மாடல். எஞ்சின் பெரிது, உட்கார்ந்தால் தரையோடு இருக்கும், பின்பக்கம் டிக்கி மேல் ஒரு றெக்கை.

"மச்சான், வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல. நீங்களே வச்சுக்கங்க" என்றான்.

"மாப்ள, எனக்கு எதுக்குடா றெக்கையெல்லாம்?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "எந்தம்பி ஆசையா வாங்குன வண்டி. அத ரோட்டுல எவனோ ஓட்டிட்டுப் போறத நான் பாக்கணுமா?"

அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமில்லை. வெள்ளைக் காரைச் சமயநல்லூரில் ஒரு கணக்கு வாத்தியாருக்கு விற்றேன். அந்தப் பணத்தோடு கையிருப்பையும் சேர்த்துச் சிவப்பை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரிலேயே அவனை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவது என்று மனைவி சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். காரின் இன்ஷூரன்ஸ் சனிக்கிழமையோடு முடிகிறது என்பதை மாப்ள வியாழக்கிழமை காலையில்தான் சொன்னான்.

"யார்றா எழுதுனது?"

"நம்ம கவர்நோட்டு அண்ணன்தான். வரச் சொல்லியிருக்கேன்."

வந்தார். முதலில் கடை வாசலில் நின்ற காரைத் தட்டினார். மாப்ள வருடத்துக்கு ஒரு தடவை இடித்து, ஒவ்வொரு இடிக்கும் கம்பெனியில் பணம் வாங்கியவன். டொக் டொக்கென்று ஒவ்வோர் இடத்திலும் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே போனார். "இது மேலூரு. இது வாடிப்பட்டி. இது, தம்பி, எரும மாடுதான?" மாப்ள தலையைக் குனிந்துகொண்டான்.

"இவன் இடிச்சதுக்கெல்லாம் நான் கூடுதலாக் கட்டணுமாண்ணே?" என்றேன்.

"இல்லண்ணே. அவர் இடிச்சது அவர் கணக்கு. ஒங்களுக்குப் புதுசா எழுதுவோம். இதுல ரெண்டு பங்கு. ஒண்ணு ஒங்க வண்டிக்கு. இன்னொண்ணு, நீங்க யாரு மேல ஏத்துறீங்களோ அவுகளுக்கு."

"நான் யாரு மேலயும் ஏத்த மாட்டேண்ணே."

"எல்லாரும் அப்படித்தாண்ணே ஆரம்பிக்கிறாங்க. வெள்ளக் காரு எஞ்சின் சின்னது, இது பெருசு. அதுனால ரெண்டாவது பங்கு கூடும். வண்டி வெலையும் கூட, அதுனால மொதப் பங்கும் கூடும்."

"செவப்புக்கு?"

"கலருக்கெல்லாம் கெடையாது."

"றெக்கைக்கு?"

"கம்பெனி வச்சதா, நாமளா ஒட்டுனதா?"

"டவுன்ஹால் ரோட்ல வாங்கி ஒட்டுனதுண்ணே" என்றான் மாப்ள.

"அப்பத் தனியாச் சொல்லி எழுதணும். சொல்லாம விட்டா, ஒடஞ்சதுக்கு அப்பறம் கம்பெனி தராது."

"ஒடஞ்சா எனக்குச் சந்தோசந்தாண்ணே" என்றேன்.

கூட்டிப் போட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைக் காருக்குக் கட்டியதைப்போல மூன்று மடங்கு. கைக்காசு முழுவதும் வண்டி வாங்கியதிலேயே போயிருந்தது. கட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காரைச் சாக்குப் போட்டு மூட வேண்டியதுதான். சாக்குக்கு என்னிடம் குறைச்சல் இல்லை. மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பழைய வண்டிக்கு என்சிபி எம்புட்டுண்ணே?"

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொல்லாத ரகசியம் அது. வெள்ளைக் காரின் பாலிசியில் இரண்டாம் வருடம், ஒரு மூலையில் என்சிபி என்று மூன்று இங்கிலீஷ் எழுத்தும் பக்கத்தில் இருபது சதவீதமும் வந்தது. அடுத்த வருடம் அது ஏறியது. விபத்து நடந்தால் நஷ்டத்தில் அத்தனை பங்கு என் தலையில் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன். நான் அறியாமல் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன், கம்பெனி குறித்துக்கொண்டே வருகிறது. யாரிடமாவது கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்கள். அதனால் கேட்கவில்லை. நாற்பதில் ஓட்டிக்கொண்டிருந்தவன் முப்பதுக்கு இறங்கினேன். அடுத்த பாலிசியில் சதவீதம் இன்னும் ஏறியிருந்தது. இன்னும் மெதுவாக ஓட்டினேன். இன்னும் ஏறியது. கட்டும் பணம் என்னவோ வருடா வருடம் குறைந்தது. வண்டி கிழடாகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பதுக்கு வந்து நின்றபோது பாலிசியைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வண்டியை விற்ற அன்று சாவியோடு அதையும் வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

"அதெல்லாம் எங்கிட்டக் கெடையாதுண்ணே" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"சத்தியமா."

கவர்நோட்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எத்தன வருசம் ஓட்டுனீங்க?"

"ஏழு."

"எத்தன தடவ இடிச்சீங்க?"

"இடிக்கிறதா? நானா?"

"யாராச்சும் ஒங்கள?"

"பக்கத்துல வந்தா நான் நிப்பாட்டிருவேண்ணே."

"அப்ப என்சிபி இருந்தே ஆகணுமே."

இனி மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அம்பது இருக்குண்ணே. ஆனா நான் எந்தத் தப்பும் பண்ணலண்ணே."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தது மாப்ளதான். கவர்நோட்டு என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மோதிரத்தால் என்னையும் தட்டிப் பார்ப்பாரோ என்றுகூட எனக்குப் பட்டது.

"அண்ணே, நோ கிளெய்ம் போனஸ்ணே அது. கம்பெனிகிட்ட ஒரு பைசா கேக்காம ஓட்டுனதுக்குத் தள்ளுபடி. வண்டிப் பங்குல பாதி. அம்பதுக்கு மேல யாருக்கும் கெடையாது. நீங்க உச்சியில போய் உக்காந்துருக்கீங்க. எங்க அந்தப் பாலிசி?"

"வாத்தியார்ட்டக் குடுத்துட்டேண்ணே. வண்டியோட போகட்டும்னு."

"அது வண்டிக்குள்ளது இல்லண்ணே, ஆளுக்குள்ளது. வண்டிய எடுங்க."

டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறாத மனிதர், சிவப்புக் காரில் ஏறி, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முப்பதில் ஓட்டினேன். டவுன் பஸ் ஒன்று எங்களை முந்தியது. அது ஸ்டாப்பில் நின்றபோது நாங்கள் முந்தினோம். மறுபடி அது. பரவை வருவதற்குள் கண்டக்டர் எங்களுக்குப் பழக்கமாகி, றெக்கையைக் காட்டி, "அண்ணே, பறக்குறதுக்குத் தனி டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மார்க்கெட் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். கவர்நோட்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சமயநல்லூரில் வாத்தியார் பாலிசியைக் கொடுக்க மறுத்தார். அந்த ஐம்பதின் அர்த்தம் அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

"வண்டியோட சேத்துக் குடுத்தீங்க. வண்டியோட வந்தது வண்டிக்குத்தான?"

கணக்கு வாத்தியார்களிடம் எனக்கு எட்டாவதிலிருந்தே வாய் எழும்பாது. கவர்நோட்டு வெள்ளைக் காரை ஒரு சுற்றுத் தட்டிவந்து, இடது பக்கம் நின்றார்.

"சார், இது இந்த மாசத்து இடி."

உள்ளேயிருந்து வாத்தியாரின் மனைவி சொன்னார். "வைக்கோல் வண்டியில போயிச் சொருகிட்டாருங்க. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

வாத்தியார் கூரையைப் பார்த்தார். கவர்நோட்டு சாந்தமாகப் பேசினார். "சார், ஒங்க பள்ளிக்கூடத்துல ஒரு பையன் நூத்துக்கு நூறு வாங்குறான். சர்டிபிகேட்ட அவனுக்குக் குடுப்பீங்களா, அவன் உக்காந்த பெஞ்ச வெலைக்கு வாங்குனவனுக்குக் குடுப்பீங்களா?"

வாத்தியார் எழுந்தார். உள்ளே போய்ப் பாலிசியை எடுத்துவந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "நூத்துக்கு நூறா?" என்று கேட்டபடி கையில் கொடுத்தார். என்னிடம் எந்தக் கணக்கு வாத்தியாரும் அப்படிக் கேட்டதில்லை. கவர்நோட்டு பனியனுக்குள்ளிருந்து புத்தகத்தை உருவி, அங்கேயே அவருக்கும் ஒரு சீட்டு எழுதிவிட்டுத்தான் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை பாலிசியையும் விற்ற காகிதத்தையும் காட்டி, ஆபீஸில் சான்றுக் கடிதம் வாங்கினோம். வண்டிப் பங்கு பாதியானது. மூன்று மடங்கு என்று என்னைப் படுத்தியெடுத்த தொகை, இரண்டு மடங்கையும் தொடாமல் இறங்கிவிட்டது. கடையில் இருந்ததைத் துடைத்துக் கொடுத்தேன், சரியாக இருந்தது. ஆபீஸ் படியில் உட்கார்ந்து ஒரு சோடா முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன். ஏழு வருடம் குற்றவாளியாக இருந்தவனை விடுதலை செய்தால் சோடா அப்படித்தான் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட் போகும் வழியில் மாப்ள பின்சீட்டில் நெளிந்தான். "மச்சான், பிளேன் போயிரும்."

"போகட்டும் மாப்ள. எனக்கு அடுத்த வருசமும் அம்பது வேணும்."

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு வேறொன்று உறைத்தது. ஏஜென்டுக்குக் கமிஷன், நாம் கட்டும் பணத்தில் இவ்வளவு என்று கணக்கு. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் எங்காவது கடன் வாங்கியாவது முழுத்தொகையைக் கட்டியிருப்பேன். வெயிலில் சமயநல்லூர்வரை வந்து தன் கமிஷனைத் தானே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். எதிர்ச்சாரியிலிருந்து இந்தச் சாரிக்கு ஓடிவந்து அவரைப் பிடித்தேன்.

"ஏண்ணே, ஒங்களுக்கு நட்டந்தான?"

"இருவது வருசமா நசுங்குனதையும் நெளிஞ்சதையுமே பாக்குறேண்ணே. வண்டி ஓட்டியும் ஒரு கீறல் இல்லாம ஒரு மனுசன் இருக்காருன்னா, அவருக்கு வந்து சேர வேண்டியத நான் முழுங்குனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு வருடா வருடம் பாலிசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடை வாசலில் வந்து நிற்பார். அவர் தன் மகளோடு கோயம்புத்தூருக்குக் குடிபோன பிறகும் அந்த வாரத்தில் அவரிடமிருந்து போன் வரும். வணக்கம், சௌக்கியம் எதுவும் கிடையாது. "அண்ணே, இந்த வருசம் ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பார். ஆகவில்லை என்று நான் சொல்லும்வரை மறுமுனையில் சத்தமே இருக்காது. அவர் கேட்பது காரைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் போன் வந்த பிறகுதான் எனக்கு அந்த வருடம் நல்லபடியாக முடிந்த மாதிரி இருக்கும்.