ஆகஸ்ட் பன்னிரண்டும் தேதி சாமியும்

செம்பூர் திலக் நகரில் ஒரு கட்டிடத்தின் மாடிப்படி முழுக்கச் செருப்புகள். அத்தனையும் படித்தவர்களின் செருப்புகள். அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவ மேற்பயிற்சிக்குப் போகத் துடிக்கும் டாக்டர்களும் அவர்களைப் பெற்றவர்களும் 'தேதி சாமி'யின் வீட்டில் குவிந்திருந்தார்கள்.

அங்கே போக உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு நல்ல நாள் குறித்துக் கொடுப்பது சாமியின் தொழில். அதோடு விட்டால் பரவாயில்லை. "இன்ன மணிக்கு வெப்சைட்டைப் பாரு, அந்தத் தேதியில ஒரு இடம் காலியாகும்" என்பார். நிரம்பி வழியும் தேர்வு மையத்தில், சொன்ன நிமிடத்தில் இடம் காலியாகும்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மூளையை அறுத்துப் பார்த்துப் படித்தவர்களும் சேர்ந்தே போட்டுக்கொண்டார்கள்.

தாராவியில் அப்பளக் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து, மகள் டாக்டர் உமாமகேஸ்வரியின் ஜாதகத்தோடு வந்தார். உமாவுக்கு ஆகஸ்ட் பன்னிரண்டில் ஏற்கெனவே இடம் இருந்தது. சாமி உச்சுக்கொட்டினார்.

"பன்னிரண்டா? சந்திராஷ்டமம்! பேனா பிடிச்சா கை நடுங்கும். நாளைக்குச் சரியா பதினொரு மணிக்கு அதை கேன்சல் பண்ணுங்க. அக்டோபர் ஒன்பது ராஜயோகம்."

தேர்வு கம்ப்யூட்டரில். பேனாவே கிடையாது. கிரகங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை போலும்.

வீட்டில் உமா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, செப்டம்பர் கடைசில அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அப்ளிகேஷன் போயிரும். அதுக்குள்ள மார்க் வரலேன்னா பாதி ஆஸ்பத்திரில என் பேரையே பாக்க மாட்டாவ. ஒரு வருசம் பாழ்!"

"பெயிலானா ஆயுசுக்கும் ரெக்கார்டுல நிக்கும்னு நீதானட்டி சொன்ன? சாமி வாக்கு பக்கா. யாருக்கும் தப்பினதில்ல."

உமாவோடு படித்த டாக்டர் சஃபீனா அங்கேதான் இருந்தாள். "மாமா, அதென்ன சரியா பதினொரு மணி? கிரகத்துக்கு ஆபீஸ் டைமா? நாளைக்கு கேன்சல் பண்ணாம என்கூட வந்து படியில நில்லுங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். உமாவின் ஜாதகத்தை அப்படியே வேறு தாளில் எழுதினாள். மேலே 'ஆதித்யன்' என்று பெயர் போட்டாள்.

மறுநாள் காலை பத்தரை மணி. "கூட வேலை பாக்குற பையனோடது சாமி. இடமே கிடைக்கல" என்று தாளை நீட்டினாள் சஃபீனா.

சாமி கட்டங்களைப் பார்த்துப் பூரித்துப் போனார். "ஆகஸ்ட் பன்னிரண்டு! குரு பார்வை! பதினொரு மணிக்குப் பாரும்மா, கிரகம் வழிவிடும்."

பதினொன்று. கூட்டமே சஃபீனாவின் போனை எட்டிப் பார்த்தது. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. கிரகம் நகரவில்லை.

"நெட்வொர்க் சரியில்ல" என்றார் சாமி.

படியில் நின்ற இசக்கிமுத்து உள்ளே வந்தார். "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு வே. நான்தான் கேன்சல் பண்ணல!" இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே கட்டம். எம் மவளுக்கு சந்திராஷ்டமம், இந்தப் பயலுக்குக் குரு பார்வையா?"

கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்தார். "போன வாரம் எங்க பையனோட ஆகஸ்ட் இருபதை, பத்து மணிக்கு கேன்சல் பண்ணச் சொன்னாரே!"

பின்னாலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார். "எங்க பொண்ணுக்கு அந்த இருபதுதான், அதே பத்து மணிக்குக் கிடைச்சுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரை விடச் சொன்ன இடம்தான் இன்னொருவரின் யோகம்! கூட்டம் திரும்புவதற்குள் சாமி பூஜை அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டார். எந்தக் கிரகமும் வந்து திறக்கவில்லை.

உமா பன்னிரண்டாம் தேதி எழுதினாள். செப்டம்பரில் மார்க் வந்தது, விண்ணப்பத்தோடு போனது. அவள் படித்திருந்தாள், அவ்வளவுதான்.

டாக்டர்களே, வயிற்றுவலி என்று நாங்கள் வந்தால் நாற்பது கேள்வி கேட்கிறீர்கள். வாழ்க்கையையே தூக்கிக் கொடுக்கும் இடத்தில் ஒரு கேள்வியாவது கேளுங்கள். நாளைக்கு உங்கள் கத்திக்கு அடியில் படுக்கப்போவது நாங்கள்!