மேல் வளையில் பிரிக்காத பிரதிகள்

"கடலைக்காய் வைக்கிற இடத்துல கதைப் புஸ்தகம், கதைப் புஸ்தகம் வைக்கிற இடத்துல இன்னும் நாலு கதைப் புஸ்தகம், பிள்ளைங்க மட்டும் சேத்துல."

ஒரு காட்டில் ஒரு சண்டை பாதி தூரம் வந்திருந்தபோது, பிலோமினா என்கிற பெண் பெருச்சாளி சொன்ன வாசகம் இது. முந்தின நாளும் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின நாளும் இதையேதான். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் மட்டும் அவள் புருஷன் ஜெயசீலன் காதில் விழுந்துவிடப் போகிறதா.

அவன் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க அந்த வீட்டில் அப்படியொரு துணி கிடையாது.

"மெதுவாப் பேசு பிலோமி. நீ வாயைத் திறந்தா ஈரப்பதம் ஏறுது" என்றான்.

அவர்கள் வீட்டில் இரண்டு வளை. கீழ் வளையில் மழை தொடங்கிய அன்றே தண்ணீர் புகுந்துவிடும். மேல் வளை மேட்டில் இருப்பதால் எந்த மழையிலும் உலர்ந்தே கிடக்கும். பெருச்சாளி வீடுகளில் ஐப்பசி பிறந்தால் குட்டிகளை மேல் வளைக்கு ஏற்றி, பக்கத்தில் கடலைக்காயைக் குவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். ஜெயசீலன் வீட்டு மேல் வளையில் மட்டும் தரையிலிருந்து கூரை வரை நிழல்கோமான்.

நிழல்கோமான் ஒரு எழுத்தாளர். ஜாதியில் எறும்புதின்னி. 'சாம்பல்கோட்டை' என்று மூன்று பாகத்தில் ஒரு மாயக்கதை எழுதினார். சாபம் உண்டு, பேசும் கிணறு உண்டு, பறக்கும் ஆமையும் உண்டு. வெளிவந்தபோது சீந்த ஆளில்லை. அச்சடித்த காட்டுப்பன்றி, விற்காததையெல்லாம் ஒரு குழியில் தள்ளி மூடிவிட்டுக் கிழங்கு வியாபாரத்துக்குப் போய்விட்டது. அவமானம் தாங்காமல் எழுத்தாளர் எங்கோ போனார். அவர் போய்விட்டார் என்று உறுதியானதும்தான் ரசிகர்கள் முளைத்தார்கள். செத்திருப்பார் என்று பேச்சு கிளம்பியதும் பேரவையே தொடங்கிவிட்டார்கள்.

பேரவைக்கு ஒரே ஒரு சட்டம். புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. அச்சகத்தில் போட்ட உறை கிழியாமல் இருந்தால் அது கன்னிப்பிரதி. யாராவது பிரித்துப் படித்துத் தொலைத்திருந்தால் அது கைபட்டது. கைபட்டதை வாசலில்கூட வைக்க மாட்டார்கள். பேரவையில் எல்லாரும் ஆண்கள். பெயரும் அவர்களுக்குத் தோன்றியபடிதான் இருக்கும்.

"உங்க அப்பா புஸ்தகம்னா கடிச்சாவது பார்ப்பார். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு" என்றாள் பிலோமினா.

"அப்பாவை இழுக்காதே. அந்தக் காலத்துல அவங்களுக்கு ரசனை பத்தலை."

ரசனையைப் பற்றி அவளிடம் பேச அவனுக்கு வாய் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. அவள் வெண்புறா சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். சாம்பல்கோட்டை முதல் இரண்டு பாகங்களையும் வேதபாட வகுப்பில் மடியில் மறைத்து வைத்துப் படித்தவள். அதற்காக முட்டி போட்டவள். மூன்றாம் பாகம் பள்ளி நூலகத்துக்கு வருவதற்குள் வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். பேரவைக்காரருக்குக் கட்டிக்கொடுக்கிறோம், வீடு நிறையப் புத்தகம் என்றார்கள். நிறையத்தான் இருந்தது. ஒன்றையும் தொடக் கூடாது.

இந்த வருஷம் அந்த மூன்றாம் பாகத்தின் கன்னிப்பிரதி ஒன்று ஜெயசீலனுக்குக் கிடைத்தது. அதற்கு மாற்றாக மழைக்காலத்துக்கென்று சேர்த்த கடலைக்காய் மொத்தத்தையும் வாரிக் கொடுத்துவிட்டான். அதைப் பார்க்கப் பேரவை வீட்டுக்கு வருகிற நாள் அன்று. வானமும் அன்றைக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"மழை பிடிச்சா பிள்ளைங்களை எங்க போடுறது? அதை மட்டும் சொல்லுங்க."

"தலைவர் வர்ற நேரம் பிலோமி. டீயைப் போடு. அவருக்குச் சர்க்கரை கம்மி."

பேரவைத் தலைவர் துரைராஜ் ஒரு உடும்பு. பிடித்த பிடியை விட மாட்டார், புத்தகமானாலும் பதவியானாலும். வந்ததும் வாசலில் டோக்கன் கொடுத்தார். முயல், கீரி, மரநாய் என்று எல்லாரும் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் போய், மூச்சை அடக்கி, உறைமேல் விழும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, "தெய்வீகம்" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரி, அதைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

மழை பிடித்துக்கொண்டது. பிலோமினா கீழே எட்டிப் பார்த்தாள். ஒரு மூலையில் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. குட்டிகள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் படுத்திருந்தன.

அப்போது வரிசைக் கடைசியில் நனைந்துபோன கிழட்டு எறும்புதின்னி ஒன்று வந்து நின்றது.

"டோக்கன்?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. நான்தான் நிழல்கோமான்."

எல்லாரும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்கள்.

"ஐயா" என்றார் தலைவர். "போன வருஷம்தான் உங்களுக்கு நினைவஞ்சலி நடத்தினோம். நல்ல கூட்டம்."

"நான் உயிரோடதான் இருக்கேன்."

"அதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார் தலைவர், ரொம்ப வருத்தத்தோடு.

எழுத்தாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலாம் பாகம் எழுத உட்கார்ந்திருக்கிறாராம். மூன்றாம் பாகத்தின் முடிவு மறந்துபோய்விட்டதாம். "என்கிட்ட இருந்த பிரதியெல்லாம் கறையான் தின்னுடுச்சு. கறையானை நான் தின்னுட்டேன். அப்பவும் கதை ஞாபகத்துக்கு வரலை. இளவரசியைக் கயித்தைக் கட்டிக் கிணத்துல இறக்கினேன், அதுவரைக்கும் தெரியுது. கயிறு அறுந்துச்சா இல்லையா? அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கணும். இங்க ஒரு பிரதி இருக்குன்னு சொன்னாங்க."

"பார்க்கலாமே" என்று ஜெயசீலன் அட்டையைக் காட்டினான்.

"பிரிச்சுப் பார்க்கணும் தம்பி."

ஜெயசீலன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். சின்னக் குட்டி வாந்தியெடுத்த அன்றுகூட அவன் யாரையும் இப்படி அணைத்ததில்லை.

"நாலாம் பாகம் முடிஞ்சா மொத்தத்தையும் புதுசா அச்சடிக்கிறேன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். ஊருக்கெல்லாம் கிடைக்கும்" என்றார் எழுத்தாளர் சந்தோஷமாக.

"ஊருக்கெல்லாமா?" என்று கேட்ட ஜெயசீலனின் குரல், கொள்ளைநோய் பரவுகிற செய்தி கேட்டவன் குரல் மாதிரி இருந்தது.

பிலோமினா டீத்தட்டோடு நின்றிருந்தாள். அவள் மனதில் ஒரு கணக்கு ஓடியது. உறை கிழிந்தால் அது கைபட்டது. கைபட்டதைக் கண்டால் இவன் வெளியே எறிவான். அது நின்ற இடத்தில் மூன்று குட்டிகளை நெருக்கிப் போடலாம். கூடவே இளவரசி என்ன ஆனாள் என்பதும் தெரிந்துவிடும். வேதபாட வகுப்பிலிருந்து காத்திருக்கிறாள். தட்டை வைத்துவிட்டு, புருஷன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, முன்பல்லால் உறையை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

முயல் மயங்கி விழுந்தது. கீரி அதன்மேல் விழுந்தது.

"இந்தாங்க ஐயா. படிங்க."

எழுத்தாளர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவர் கண்ணாடியெல்லாம் ஈரம். "அடடே. கயிறு அறுந்துதான் போயிருக்கு."

"விழுந்துட்டாளா?"

"இல்லைம்மா. அறுந்த கயித்தோட மேல் துண்டைப் பல்லால கவ்விக்கிட்டுத் தொங்குறா."

"அதானே" என்றாள் பிலோமினா. பிறகு புருஷனிடம் திரும்பினாள். "கைபட்டுடுச்சு. தூக்கிப் போடுங்க. நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரேன்."

ஜெயசீலன் அழ வாயைத் திறந்தான். தலைவர் கையை உயர்த்தினார்.

"அவசரப்படாதீங்க. யார் கைபட்டது? எழுதினவர் கைபட்டது. எழுத்தாளரே திறந்து, எழுத்தாளரே படிச்ச பிரதி இந்தக் காட்டுல வேற எங்க இருக்கு? இது ஒண்ணுதான்."

கைதட்டல் எழுந்தது. முயல் மயக்கத்திலிருந்து எழுந்து தட்டியது. ஜெயசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைத் தனியாக வைக்க இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கினான். சின்னக் குட்டி படுக்கிற அளவுக்கு மேல் வளையில் மிச்சமிருந்த ஒரே இடமும் அதோடு போயிற்று.

"ஒண்ணு எப்பவும் ஒண்ணாவே இருக்கணும்னா" என்று தலைவர் யோசித்துக்கொண்டே சொன்னார், "ஐயா இனிமே வேற எந்தப் பிரதியையும் தொடக் கூடாது. எழுதவும் கூடாது. அச்சு, கிச்சுன்னு பேசவும் கூடாது."

எல்லாரும் எழுத்தாளரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நிறைய பக்தி இருந்தது. எழுத்தாளர் பயந்துபோய், எறும்புதின்னி வழக்கப்படி பந்து மாதிரி சுருண்டுகொண்டார். அது அவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. மரநாய் பிளாஸ்டிக் சுருளை எடுத்துச் சுற்றியது, கீரி டேப் ஒட்டியது.

"மூச்சு விட ஓட்டை வைங்கடா பாவிகளா" என்றாள் பிலோமினா.

வைத்தார்கள். லேபிளில் 'நிழல்கோமான், ஒரே பிரதி, ஆசிரியர் நிலை' என்று எழுதி, அடியில் சின்ன எழுத்தில் 'மூக்குப் பக்கம் சிறு சேதம்' என்றும் குறித்தார்கள். நேர்மையான பேரவை. பிறகு அவரை உருட்டிக்கொண்டுபோய், புத்தகங்களை நெருக்கி, மேல் வளையின் நடுவில் வைத்துவிட்டு, அவருக்கே கேட்கும்படியாக அவருக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

மௌனத்தில் கீழே தண்ணீர் புரளுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

பிலோமினா இறங்கி ஓடினாள். தண்ணீர் குட்டிகளின் வயிற்றைத் தொட்டுவிட்டது. மூன்றையும் வாயிலும் கையிலுமாக அள்ளிக்கொண்டு மேல் வளை வாசலுக்கு வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு ஜெயசீலன்.

"ஈரத்தோட உள்ள வராதே பிலோமி. பூஞ்சை பிடிக்கும்."

அவள் அவனைப் பார்த்தாள். வாசலில் கிடந்த மிச்சப் பிளாஸ்டிக் சுருளைப் பார்த்தாள். குட்டிகளைத் தன் வயிற்று ரோமத்தில் தேய்த்துத் துவட்டினாள். ஒவ்வொன்றாகச் சுற்றி, மூக்குக்கு நேரே தாராளமாக ஓட்டை போட்டு, டேப் ஒட்டினாள். லேபிள் எழுதினாள். சிஸ்டர்கள் பிரம்பால் திருத்திய கையெழுத்து கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக உபயோகப்பட்டது. 'சாம்பல்கோட்டை, சிறுவர் பதிப்பு. பிரிக்கப்படாதது.'

"தலைவரே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினாள்.

தலைவர் கையுறையோடு வாங்கினார். லேபிளை இரண்டு முறை படித்தார். "சிறுவர் பதிப்பா? அப்படி ஒண்ணு வந்ததே யாருக்கும் தெரியாதே. அதுவும் மூணு."

ஜெயசீலன் குனிந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து அன்றுதான் அவர்களை உற்றுப் பார்த்தான். "இதுக்கு வால் கோணலா இருக்கு தலைவரே" என்றான், சின்னவனைக் காட்டி.

"அச்சுப்பிழை தம்பி. பிழைப் பிரதிதான் எல்லாத்தையும்விட உசத்தி. முதல்ல அதை உள்ள கொண்டு போ."

ஜெயசீலன் சின்னவனை இரண்டு கையாலும் ஏந்தி, முத்தம் கொடுத்து, மேல் வளையின் மிக உலர்ந்த மூலையில், பஞ்சுக்கு மேல் வைத்தான். மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தான். இடம் போதாமல் நிழல்கோமானை ஓரமாக நகர்த்தினார்கள். சின்னவன் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான். "பாருங்க, எவ்வளவு உயிரோட்டம்" என்றது முயல்.

வாசலுக்குக் கீழே நின்ற பிலோமினாவின் முட்டி வரை தண்ணீர் ஏறியது. அவளும் சுருளை எடுத்தாள். ஒரு சுற்றுக்குக்கூட மிச்சமில்லை. தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். விளிம்பு மடங்கியது, முதுகு தளர்ந்தது, மூன்று பிள்ளைகள் புரட்டியது. உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். உள்ளே, சிறுவர் பதிப்பை வைப்பது முதல் பாகத்துக்கு முன்னாலா பின்னாலா என்று காரசாரமாக விவாதம் தொடங்கியிருந்தது.

"ஏங்க" என்றாள் பிலோமினா. "கொஞ்சம் நகருங்க. நானும் ஏறிக்கிறேன்."

நீதி: பிள்ளைகளைப் பெற்றால் போதாது, உறை போட்டு லேபிள் ஒட்டவும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமான பெண் எப்படியும் கைபட்ட பிரதிதான். அவள் நீச்சல் கற்றுக்கொள்வது நல்லது.