டொச் கதைக்கிற இடமெல்லாம்

இனி ஒரு பாஷையும் படிப்பதில்லை என்று நான் முடிவெடுத்துவிட்டேன். இத்தாலியனுக்கு நாக்கு வளையவே பாதி ஆயுள் போய்விட்டது. பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கும்போது இன்னமும் என் கைதான் கதைக்கிறது. அப்படிப்பட்டவனை ஜேர்மனிக்கு வா என்று ஒற்றைக்காலில் நின்றாள் என் மனைவி அகஸ்ரீனா. ஜேர்மன்காரரின் பாஷையை எங்கள் சனம் டொச் என்று சொல்லும். ஒவ்வொரு சொல்லும் ஒரு முழம்.

மாட்டேன் என்றேன். ஒஸ்ரியா என்றாள். அங்கேயும் டொச். சுவிஸ் என்றாள். அங்கேயும் பாதிக்கு மேல் டொச். லக்சம்பேர்க், பெல்ஜியத்தில் ஒரு மூலை என்று போய், கடைசியில் ஆபிரிக்காவில் நமீபியா என்றாள். போனில் தேடிப் பார்த்தேன். அங்கேயும் டொச் கதைக்கிற சனம் இருக்கிறது. 

ஒரேயடியாக இதை முடிக்க ஒரு திட்டம் போட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். மாதா மேல் செய்த சத்தியத்தை எங்கள் மன்னார்க்காரன் எவனும் மீறமாட்டான்.

"இஞ்சேரும், இத்தாலியை விட்டு நான் வெளிக்கிடமாட்டன். இத்தாலிக்குள்ளை நீர் எங்கை கூப்பிட்டாலும் வாறன். மாதா மேலை சத்தியம்."

அவள் சோறு போட்டாள். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. இரண்டு மீன் துண்டு கூடச் சாப்பிட்டேன்.

நான் கை கழுவும்வரை பொறுத்திருந்து சொன்னாள். அவள் சம்பளத்துக்குப் பராமரிக்கும் கிழவி, தான் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகிறாவாம். நாங்களும் கூடப் போகிறோமாம். கிழவிக்கு அவள், தோட்டத்துக்கு நான்.

"எந்த ஊர்?"

"பொல்சானோப் பக்கம், மலைக்குள்ளை. பயப்பிடாதேங்கோ, இத்தாலிதான்."

இத்தாலிதானே என்று சமாதானமாகிப் போனைத் திறந்தேன். அங்கே வீட்டிலும் கடையிலும் டொச்தான் கதைக்கிறார்களாம். 

"இத்தாலிக்குள்ளை என்னப்பா டொச்?"

"முந்தி அது ஒஸ்ரியாவாம். முதலாம் உலகப்போர் முடிய இத்தாலியோடை சேர்ந்ததாம். சனம் பாஷையை விடேல்லை."

"அப்ப ஜேர்மனி?"

"அங்கை ஆர் போறது? உங்கட வாயாலை அந்தச் சத்தியம் வரவேணுமெண்டுதான் கேட்டனான்."

எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பலேர்மோவை விட்டு, இந்த வயதில் டொச் எப்படிப் படிப்பேன் என்று கேட்டேன்.

அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "முழுக்கப் படிக்கத் தேவையில்லை. டொச்சிலை ஓம், சரி எண்டதுக்கு 'யா' எண்டு சொல்லுறது. உங்களுக்கு அது ஒண்டு போதும்."