தேவாலயத்துக்குள் வந்த பனி

போன டிசம்பரில் குன்னூரில் ஒரு மூடுபனி வந்தது. சாத்திய கதவுக்கு அடியில் தவழ்ந்து தேவாலயத்துக்குள் நுழைந்து, வந்திருந்த கூட்டத்தில் ஒருவரையும் தொடாமல் நேரே பீடத்துக்குப் போய், மாப்பிள்ளை தாலியைத் தூக்கிய நொடியில் மணமக்களை மட்டும் விழுங்கிவிட்டு, வந்த வழியே மரியாதையாக வெளியேறியது. சொன்னவர் நெல்சன். நம்பாதவர் போதகர் எட்மண்ட்.

நெல்சன் குந்தாவில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் பீரங்கி மாதிரி லென்ஸ் நீட்டிய ஒரு கேமரா வாங்கினார். வாங்கிய கையோடு மனைவி எல்சாவின் அண்ணன் பெனிஸிடம் வாயைக் கொடுத்தார்.

"ஷைனா கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் ஸ்டுடியோ எதுக்குங்க மச்சான்? நான் இருக்கேன்ல."

பெனிஸ் வெள்ளந்தி. மகள் கல்யாணத்துக்குப் பேசியிருந்த ஸ்டுடியோவை வேண்டாம் என்றுவிட்டார். எல்சா வெள்ளந்தி இல்லை.

"எங்கண்ணனுக்கு ஒரே மக. தாலி கட்டற படம் மட்டும் கெட்டுச்சு, ஊட்டுப் பக்கம் வந்துறாதீங்க. கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அப்படியே உங்க ஊருக்கு, பிக்கட்டி பஸ்ஸுல ஏறிக்கோங்க."

தேவாலய வாசலில் போதகர் எட்மண்ட் காத்திருந்தார்.

"ஏனுங்க நெல்சன், ஃப்ளாஷ் ஆகாது. பீடத்துக்கு முன்னால இருக்கற கம்பியைத் தாண்டக் கூடாது. ஜெபத்துல சத்தம் கூடாது. இது சர்ச்சுங்க."

அதோடு விடாமல், வந்தவர்களின் போன்களையும் அணைக்கச் சொல்லிவிட்டார். ஆக, தாலி கட்டும் படம் இந்த உலகத்தில் ஒரே ஒரு கேமராவில்தான் விழ முடியும். நெல்சனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.

முதல் ஜெபத்திலேயே கை தவறி ஃப்ளாஷ் வெடித்தது. கண் மூடியிருந்த கூட்டம் மின்னல் விழுந்ததென்று பயந்து, பாதி ஜெபத்திலேயே "ஆமென்" சொல்லி முடித்துவைத்தது. போதகர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். நெல்சன் ஃப்ளாஷை அணைத்தார்.

அணைத்ததும் இருட்டு. மாப்பிள்ளை லியோ கேமராவில் கரிமூட்டை மாதிரி தெரிந்தான். வெளிச்சம் வேண்டுமே என்று பீடத்தை ஒட்டிய பெரிய ஜன்னலைத் திறந்தார் நெல்சன். வெளிச்சம் கொஞ்சம் வந்தது. குளிர்காற்று நீலகிரியில் இருந்ததெல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் பற்கள் பாடகர் குழுவைவிடச் சத்தமாகத் தாளம் போட்டன.

"ஜன்னலைச் சாத்துங்க! புள்ளைக ரெண்டும் வெறைக்குது!" என்று பின்னால் இருந்து எல்சா பல்லைக் கடித்தாள்.

சாத்தினார். காற்றில் சில்லிட்டிருந்த லென்ஸ், கூட்டத்தின் மூச்சுச் சூடு பட்டதும் ஆவி படிந்து மூடிக்கொண்டது. துணி தேடினார், கோட்டுப் பையில் கேக் துண்டுதான் இருந்தது. பாடகர் குழுவில் சளியோடு நின்ற தங்கமணியிடம் கை நீட்டினார்.

"கொஞ்சம் கர்ச்சீப் குடுங்க, தங்கமணி."

அவள் கொடுத்தாள். ஒரே ஒரு துடைப்பு. அப்புறம்தான் நெடி ஏறியது. கர்ச்சீப் முழுக்க யூகலிப்டஸ் தைலம்! லென்ஸ் பூராவும் எண்ணெய் மினுங்கியது.

நெல்சன் தும்மினார். அவருக்கும் சளிதான் என்று இரக்கப்பட்ட தங்கமணி, "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கோங்கண்ணா" என்று பாட்டிலையே நீட்டினாள். அது நழுவித் தரையில் உடைந்தது. நெடி கண்ணில் ஏறி முன்வரிசை அழுதது, பின்வரிசை அதைப் பார்த்து, பெண்ணைப் பிரியும் துக்கம் என்று எண்ணித் தானும் அழுதது.

அந்தக் கண்ணீர் வெள்ளத்தில் தாலி ஆசீர்வதிக்கப்பட்டது. நெல்சன் கம்பி ஓரமாக மண்டி போட்டார்.

"நெல்சன், கேமராவை இறக்குங்க!" என்றார் போதகர். முகம் சிவந்திருந்தது.

எல்சாவின் முகம் அதைவிடச் சிவக்குமே என்று நெல்சன் பட்டனை அமுக்கிவிட்டார். படத்தைப் பார்த்தார். வெள்ளை. சுத்தமான, அப்பழுக்கில்லாத வெள்ளை.

விருந்து நடந்த ஹாலில் பிரியாணித் தட்டோடு ஒரு மூலையில் போய் ஒதுங்கினார். பெனிஸ் வந்தார்.

"மச்சான், தாலி கட்டற படத்தைக் காட்டுங்க. சம்பந்தி கேக்கறாரு."

காட்டினார்.

"என்னங்க மச்சான் இது?"

"பனி," என்றார் நெல்சன். வாய் தானாகச் சொன்னது. "உள்ள வந்துருச்சு."

"சர்ச்சுக்குள்ளயா?" என்றாள் எல்சா.

"ஆமாங்க்கா, எனக்கே ஒண்ணும் தெரியல," என்றாள் தங்கமணி, சிவந்த கண்ணைத் துடைத்தபடி.

"எனக்கும் மங்கலாத்தான் இருந்துச்சு," என்றார் சம்பந்தி. யாரோ ஒருவர், பனி தன் காலை உரசிக்கொண்டு போனதாகவே சொன்னார்.

எல்சா மசியவில்லை. "பாஸ்டர் பக்கத்துலயே நின்னாரு. அவரையே கேப்போம். அவரு பொய் சொல்ல மாட்டாரு."

நெல்சனுக்குப் பிக்கட்டி பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது.

"எங்க சர்ச்சுக்குள்ள பனியா?" போதகர் தட்டைக் கீழே வைத்தார். "அப்படி ஒண்ணும் வரலீங்க. கொண்டாங்க அந்தப் படத்தை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கேமராவைச் சாய்த்துப் பார்த்தார். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"வந்துச்சுங்க," என்றார் உரக்க. "நானே பார்த்தேன். நல்ல கெட்டிப் பனி."

பிறகு நெல்சனை இறுக அணைத்து, காதோரமாகச் சொன்னார்:

"குளிர்ல மாப்பிள்ளைக்கு வெரலே மடங்கலீங்க நெல்சன், அங்கியை மறைப்பா விரிச்சுக்கிட்டு, அந்தத் தாலியைக் கட்டுனது நான்தானுங்க."