ஒரு வேர், இருபது வார்த்தை

“ஏங்க, உங்களுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைச்சிடுச்சுன்னு அக்காகிட்ட வாய் விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை அத்தானோட வர்றா.”

மனைவி சொன்னதைக் கேட்டுக் குமாஸ்தா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அந்த வேலை இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. “நல்லா இங்கிலீஷ் பேசுறவனுக்குத்தான்” என்று மட்டும் மேனேஜர் சொல்லியிருந்தார்.

அதற்காகவே ஒரு புத்தகம் வாங்கியிருந்தார் குமாஸ்தா. ஒரு லத்தீன் வேர்ச்சொல்லைப் பிடித்து இழுத்தால் இருபது ஆங்கில வார்த்தைகள் கொத்தாகக் கையோடு வருமாம். அட்டையிலேயே போட்டிருந்தது.

அன்று அவர் வேலை பார்க்கும் மின்சாதன ரிப்பேர் கடையில் கால் வைக்க இடமில்லை. மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த மின்விசிறிகளும் இஸ்திரிப் பெட்டிகளும் கூரையை முட்டின. கொடுத்த பொருளைக் கேட்டு வாசல்வரை வரிசை. போதாக்குறைக்குக் குவிந்த புகார்களை விசாரிக்கத் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி வேறு வந்து, மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? குமாஸ்தா புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“தம்பி, என் இஸ்திரிப் பெட்டி தண்ணியா துப்புச்சே, சரியாச்சா?” என்றாள் முதலில் நின்ற மூக்குக்கண்ணாடி அம்மாள்.

“அது இரப்ஷன்ம்மா.”

“ஐயையோ! என்னப்பா வியாதி அது?”

“வியாதியில்லம்மா. ‘ரப்ட்’டுன்னா லத்தீன்ல உடையறது. உடைச்சுக்கிட்டு வெளிய பீறிட்டா இரப்ஷன். பேச்சை உடைச்சா இன்டரப்ட். பாங்க் உடைஞ்சா பாங்க்ரப்ட்...”

“என்னது, கடை திவாலா?” பின்னாலிருந்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இல்லண்ணே! ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.”

“பாவம், இங்க சம்பளம் வாங்குற மனுஷன் இதைவிட வெளிப்படையா எப்படிய்யா சொல்லுவாரு?” என்றது வரிசையில் ஒரு குரல்.

வரிசை கும்பலாகிவிட்டது. குமாஸ்தா பதறிப்போய் அடுத்த வேரைப் பிடித்தார். “பயப்படாதீங்க! ‘போர்ட்’டுன்னா தூக்கறது. டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட்...”

“கேட்டீங்களா? நம்ம பொருளைத் தூக்கி வெளிநாட்டுக்கு அனுப்பப் போறாங்க!” என்று கத்தினார் லாரி டிரைவர்.

அவ்வளவுதான். மேசையைத் தாண்டிக் குதித்தார்கள். யாரும் ரிப்பேர் ஆச்சா என்றுகூடக் கேட்கவில்லை. அவரவர் பொருளை அவரவர் அள்ளிக்கொண்டார்கள். “கையெழுத்தாவது போட்டுட்டுப் போங்க” என்று குமாஸ்தா அழாத குறையாகக் கெஞ்சினார். போட்டார்கள். மூக்குக்கண்ணாடி அம்மாள் அவர் கன்னத்தைத் தட்டி, “நல்லாயிரு தம்பி, சமயத்துல சொன்னியே” என்றுவிட்டுப் போனாள்.

கடை துடைத்துவிட்டாற்போல் காலி. குமாஸ்தா புத்தகத்தை மேசைக்கடியில் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை வரும் சகலை முகத்தில் எப்படி விழிப்பது?

கண்ணாடி அறைக்கு டீ கொண்டுபோன காவலாளி காலி தம்ளர்களோடு வெளியே வந்தார்.

“என்னண்ணே, என் சீட்டைக் கிழிச்சாச்சா?”

“அட நீங்க வேற! தேங்கிக் கிடந்த புகார் பூராவும் ஒரே காலையில தீர்ந்துச்சுன்னு பெரிய அதிகாரி உங்களை சூப்பர்வைசரா போட்டுட்டாரு சார். நீங்க மேசைமேல விரிச்சு வெச்சுப் பேசினதைக் கண்ணாடி வழியாப் பாத்தாராம். எல்லாக் கிளைக்கும் வாங்கி அனுப்பணுமாம், அந்தப் புத்தகத்தோட பேரைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு.”