மேலிடத்துப் பார்வை

உலகத்தில் மேலே இருந்து பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அவர்கள்தான் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த உயரத்திலிருந்து நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் வானிலை அலுவலகத்தில் இருக்கிறார். ஆகாயத்தில் எங்கோ ஒரு செயற்கைக்கோள், அதில் ஒரு கேமரா. கீழே எந்த மேகத்தின் உச்சி பளிச்சென்று மின்னினாலும் இவர் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி விழும். குறை சொல்லக் கூடாது. ஆளில்லாத நடுக்கடலில் இடிமேகம் திரண்டால் விமானக்காரர்களுக்கு அந்தப் புள்ளிகள்தான் துணை. ஆனால் வருஷக்கணக்கில் வானத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு என்ன ஆகும்? வாயைத் திறந்தாலே "மேலேர்ந்து பாத்தா" என்று ஆரம்பிக்கும் வியாதி வரும். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், "மேலேர்ந்து பாத்தா உலகத்துல முக்கால்வாசி தண்ணிதான்" என்பார். மச்சானுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எல்லைத் தகராறு என்றால், "மேலேர்ந்து பாத்தா வேலியே தெரியாது" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர். அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் அறையில் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. திரையில் வெளிச்சம் விழுகிறது என்று கனத்த துணி போட்டு மூடிவைத்திருப்பார். யாராவது சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தால், "மழைன்னு யாரு சொன்னது?" என்று கேட்பார். வெயில் வெளிச்சத்தில் மங்கலான மின்னல் கேமராவுக்குப் பிடிபடாது, கனத்த மேகத்துக்கு அடியில் மின்னினால் வெளிச்சம் மேலே வந்து சேராது என்றெல்லாம் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவரே அழகாகப் பாடம் எடுப்பார். எடுத்துவிட்டு மறந்துவிடுவார்.

மேலிடத்தின் மனைவி நீச்சல் பயிற்சியாளர். திறந்தவெளிக் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அன்று பிற்பகல் அங்கே தேர்வுப் போட்டி. தண்ணீரில் இருந்த பிள்ளைகளில் இவர்கள் மகளும் ஒருத்தி. மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, இங்க இடி உருளுது. பிள்ளைங்க தண்ணியில இருக்காங்க."

"இரு, பாக்கறேன்." பார்த்தார். "மேலேர்ந்து பாத்தா ஒரு புள்ளிகூட இல்ல. தாராளமா நீந்தட்டும்."

"காதுல கேக்குதுங்க!"

"லாரி போயிருக்கும்."

"வானத்துலயா?"

போனை வைத்துவிட்டு மனைவி விசிலை எடுத்து ஊதினார். எல்லாரும் வெளியே, கட்டடத்துக்குள்ளே, உடனே! போட்டிக்காக வேலையை விட்டுவிட்டு வந்திருந்த பெற்றோர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க வீட்டுக்காரர் வானிலை ஆபீஸ்லதானே இருக்காரு? அவரு என்ன சொன்னாரு?" என்றார் ஒருவர்.

"நீந்தச் சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அவருக்கு இங்க இடிக்கிறது கேக்காது. எனக்குக் கேக்குது. உள்ள வாங்க."

ஜெயிக்கிற நிலையில் இருந்த மகள்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைசியாக ஏறி வந்தாள். அவள் உள்ளே வந்து கதவு சாத்தியதும் உலகமே வெள்ளையாகிப் போனது. குளத்து மூலையில் நின்ற விளக்குக் கம்பத்தின் மேல் இடி இறங்கியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முணுமுணுத்தவர்கள் அவரவர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

இங்கே மேலிடம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். திரையில் ஒரு மஞ்சள் புள்ளி! பரீட்சையில் பாஸான பையன் மாதிரி போனை எடுத்தார்.

"வந்துடுச்சு! உங்க பக்கம் ஒரு புள்ளி வந்துடுச்சு! இப்ப உறுதி. நீ பிள்ளைங்கள தண்ணியிலேர்ந்து வெளிய வரச் சொல்லலாம்!"

"அப்பா, நான்தான் பேசறேன்." மகளின் பல் தந்தியடித்தது. "விளக்குக் கம்பம் கருகிப் போச்சுப்பா. நீங்க சொன்னத அம்மா கேட்டிருந்தா நான் தண்ணிக்குள்ள இருந்திருப்பேன்."

மேலிடம் திரைப் பக்கம் திரும்பினார். அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒரு கம்பத்தின் அளவா? ஓர் ஊரின் அளவு. அதற்குள் ஒரு குளம் இருப்பதும், குளத்துக்குள் ஒரு குழந்தை இருப்பதும் அதில் எங்கே தெரியும்? திரை இருந்தபடி இருக்க, மனுஷன் குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினார். போய்ச் சேர்ந்து மகளைக் கட்டிக்கொண்டார். மனைவி ஒரு துண்டை நீட்டினார்.

"தொடச்சுக்குங்க. கீழேர்ந்து பாத்தா தொப்பலா நனைஞ்சிருக்கீங்க."

திருந்திவிட்டாரா? ஏதோ கொஞ்சம். இப்போதெல்லாம் யாராவது இடி என்றால் ஜன்னல் துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டுகிறார். தலை நனைந்ததும் உள்ளே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று திரையிலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உடம்பு என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்றாரே, அப்போது நீங்கள் அவர் நெற்றியில் கையை வைத்தீர்களா, இல்லை, அது என்ன நோய் என்று போனில் தேடினீர்களா?